சூப்பர்மேனின் மூச்சும் சில கிரேயான் கோடுகளும்

சில வருஷங்களுக்கு முன்னால் யாராவது என்னிடம் ஆண்டி வார்ஹோல் பற்றிக் கேட்டிருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன்: அடுத்தவர் வரைந்ததைப் பெரிசு பண்ணி விற்ற ஆள். காமிக்ஸ் விஷயத்தில் எனக்கு அவர் மேல் கோபமே இருந்தது. அந்தக் கருத்தை இப்போது பாதி வாபஸ் வாங்குகிறேன். பாதிதான். மீதிப் பாதியை ஏன் விடமாட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

இந்த மனமாற்றத்துக்குக் காரணம் ஒரே ஒரு படம். 1961-இல் வார்ஹோல் வரைந்த 'சூப்பர்மேன்'.

படத்தில் என்ன இருக்கிறது?

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். கான்வாஸ் மேல் கேசீன் வண்ணம், அதோடு மெழுகு கிரேயான். கேசீன் என்பது பால் புரதத்தை வைத்துச் செய்யும் பெயிண்ட். சீக்கிரம் காயும், பளபளக்காது. விளம்பரப் படம் வரைகிறவர்களுக்கு நன்றாகப் பழகிய சரக்கு. படத்தின் உயரம் சுமார் 170 செ.மீ., அகலம் 130 செ.மீ.க்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். தனியார் சேகரிப்பில் இருக்கிற படம் என்பதால் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. நான் பார்த்ததெல்லாம் அச்சுப் பிரதிகளும், திரையில் பெரிதாக்கிய படங்களும்தான்.

சூப்பர்மேன் ஆகாயத்தில் பறந்தபடி ஊதுகிறார். வாயிலிருந்து காற்று மேகம் மாதிரி திரண்டு வருகிறது. அதன் மேல் 'பஃப்' என்று பெரிய எழுத்தில் சத்தம். ஒரு பேச்சுக் குமிழியும் இருக்கிறது. காட்டுத்தீயை ஒரே மூச்சில் அணைத்துவிட்டதாக அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். அவ்வளவுதான் காட்சி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சூப்பர்மேன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? காரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பது. மார்பில் குண்டு பட்டுத் தெறிப்பது. சட்டையைக் கிழித்து உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டுவது. வார்ஹோல் இதில் எதையும் எடுக்கவில்லை. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தியை அணைக்கிற குழந்தை செய்யும் காரியத்தைச் செய்யும் சூப்பர்மேனைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் மூலப் படத்திலும் இருக்கிறது. வார்ஹோல் சேர்த்தது வேறு. பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் வார்த்தைகள் பாதி மங்கிக் கிடக்கின்றன. வெள்ளைப் பெயிண்டை மேலே இழுத்துவிட்டது போல இருக்கிறது. சிரமப்பட்டுத்தான் படிக்க வேண்டும். அப்புறம் அந்தக் கிரேயான் கோடுகள். வண்ணம் பூசிய பரப்புகளின் மேல் சாய்வாக, அவசர அவசரமாக, ஒரே சீராக இல்லாமல் இழுத்த கோடுகள். அச்சில் வந்த காமிக்ஸில் இப்படி ஒரு கோடு வராது. அச்சகத்துக்குள் போனால் 'இது என்ன கிறுக்கல்' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் பாதி மனமாற்றம் அந்தக் கிறுக்கலில்தான் ஆரம்பித்தது.

துணிக்கடை ஜன்னல்

இந்தப் படம் முதலில் வெளியே வந்தது ஆர்ட் கேலரியில் இல்லை. 1961 ஏப்ரலில், நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் இருந்த பான்விட் டெல்லர் என்ற பெரிய துணிக்கடையின் காட்சி ஜன்னலில். அந்தக் கடையின் ஜன்னல் அலங்காரத்தைக் கவனித்தவர் ஜீன் மூர். அவர் வார்ஹோலின் 5 ஓவியங்களை மாட்டி, அவற்றுக்கு முன்னால் கோடைக்கால உடைகள் போட்ட பொம்மைகளை நிறுத்தினார். சூப்பர்மேன் ஒன்று, பாபாய் ஒன்று, 'லிட்டில் கிங்' என்ற காமிக்ஸ் ராஜா ஒன்று, மீதி இரண்டும் பத்திரிகை விளம்பரங்களிலிருந்து எடுத்தவை. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது டிரம்ப் டவர் நிற்கிறது.

அப்போது வார்ஹோலுக்கு 32 வயது. நியூயார்க் விளம்பர உலகத்தில் நல்ல பெயர். காலணி விளம்பரங்களுக்கு அவர் வரைந்த மைக்கோட்டுச் சித்திரங்களுக்குத் தனி மவுசு இருந்தது. பணமும் வந்தது. ஆனால் ஓவியர் என்று யாரும் மதிக்கவில்லை. சட்டை விற்க வைத்த ஜன்னலில்தான் அவருடைய சூப்பர்மேன் முதன்முதலில் பறந்தார்.

மூலப் படம் வந்த இதழ் 'சூப்பர்மேன்ஸ் கேர்ள்ஃப்ரெண்ட், லோயிஸ் லேன்', 24-ஆம் எண், 1961 ஏப்ரல் தேதியிட்டது. அமெரிக்க காமிக்ஸ் இதழ்கள் அட்டையில் போட்ட மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே கடைக்கு வந்துவிடும். அதாவது வார்ஹோல் கடையில் சுடச்சுட வந்த இதழை வாங்கி, ஒரு கட்டத்தைப் பிடித்து, புரொஜெக்டர் வைத்துக் கான்வாஸில் விழவைத்து, சில வாரங்களுக்குள் வரைந்து முடித்து ஜன்னலுக்கு அனுப்பியிருக்கிறார். பழைய நினைவைப் போற்றிப் பழைய இதழைத் தேடி எடுத்து வரைந்தது இல்லை. அன்றைக்குக் கடையில் கிடைத்தது.

அறைத்தோழர் வரைந்த சூப்பர்மேன்

சூப்பர்மேனை ஓவியத்துக்குள் கொண்டுவந்த முதல் ஆள் வார்ஹோல் இல்லை. 1952-லேயே பிலிப் பேர்ல்ஸ்டைன் என்பவர் சூப்பர்மேனை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அந்தப் படம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், அதாவது மோமாவில், இருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், பேர்ல்ஸ்டைனும் வார்ஹோலும் பிட்ஸ்பர்க்கில் கார்னகி தொழில்நுட்பக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1949-இல் இருவரும் சேர்ந்துதான் நியூயார்க் வந்தார்கள். ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

பேர்ல்ஸ்டைன் படத்தில் பெயிண்ட் கனமாக இருக்கும். தூரிகை ஓடிய தடம் நன்றாகத் தெரியும். அந்தக் காலத்து நியூயார்க்கில் அதுதான் ஓவியம். ஜாக்சன் போலக், வில்லெம் டி கூனிங் என்று பெரிய தலைகள் எல்லாம் பெயிண்டைச் சொட்டவிட்டு, வழியவிட்டு, கை வேகத்தைக் கான்வாஸில் பதிய வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓவியன் மனசுக்குள் நடப்பதற்கு அந்தச் சொட்டும் வழியலும் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாணியில் சூப்பர்மேனை வரைந்தால் ஒருவிதச் சிரிப்பும் வரும், ஒருவித கம்பீரமும் வரும். பேர்ல்ஸ்டைன் அதை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு வேறு பாதைக்குப் போய்விட்டார்.

வார்ஹோல் 1961-இல் அதே இடத்தில் தடுமாறுகிறார். அவர் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. கோகோ-கோலா பாட்டிலை இரண்டு விதமாக வரைந்து எமில் டி அன்டோனியோ என்ற நண்பரிடம் காட்டினாராம். ஒன்றில் கிறுக்கலும் வழியலும் உண்டு. இன்னொன்றில் சுத்தமான கறுப்பு வெள்ளை, அச்சடித்த மாதிரி. நண்பர் கிறுக்கல் படத்தை ஒதுக்கிவிட்டு, சுத்தமான படம்தான் நம் காலத்தைச் சொல்கிறது என்று தீர்ப்பு சொன்னார். வார்ஹோல் அந்தத் தீர்ப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதே 1961-இல் இன்னொரு அடி விழுந்தது. லியோ காஸ்டெல்லி கேலரியில் ராய் லிச்சன்ஸ்டைன் காமிக்ஸ் பாணியில் வரைந்த படத்தை வார்ஹோல் பார்த்தார். புள்ளி புள்ளியாக, அச்சு இயந்திரமே வரைந்த மாதிரி, கிறுக்கலே இல்லாமல். இந்த விஷயத்தில் தன்னை ஒருவர் முந்திவிட்டார் என்று வார்ஹோலுக்குப் புரிந்துவிட்டது. காமிக்ஸை விட்டுவிட்டார். அடுத்த வருஷம் 1962-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபெரஸ் கேலரியில் 32 சூப் டப்பா ஓவியங்கள். அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

ஆகவே நம் சூப்பர்மேன், வார்ஹோல் போகாமல் விட்ட ஒரு பாதையின் ஓரத்தில் நிற்கும் படம். அந்தக் கிரேயான் கோடுகளைப் பெரும்பாலும் இப்படித்தான் விளக்குகிறார்கள்: அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை, வெறும் காமிக்ஸைக் காப்பியடித்தால் சிரிப்பார்கள் என்று பயந்து, போலக் காலத்துக் கிறுக்கலை மேலே தூவி 'இதுவும் ஓவியம்தான்' என்று காட்டப் பார்த்தார். அதாவது சாம்பார் நமக்குச் சரியாக வரவில்லையே என்று மேலே கொஞ்சம் நெய் ஊற்றுவது மாதிரி.

இந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. அவர் மனசில் அது இருந்திருக்கலாம். ஆனால் நோக்கம் ஒன்று, படத்தில் வந்து நிற்பது ஒன்று. போலக் வழியவிட்டது வீட்டுப் பெயிண்டை. வார்ஹோல் கையில் எடுத்தது கிரேயானை. இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

கலரிங் புத்தகம்

கிரேயான் யார் கையில் இருக்கும் பொருள்? குழந்தை கையில்.

வார்ஹோலுக்கு எட்டு வயதில் கோரியா என்ற நோய் வந்தது. ருமாட்டிக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் நரம்புக் கோளாறு. கையும் காலும் தானாக உதறும். கரும்பலகையில் எழுத வரச் சொன்னால் கை நிற்காது. வாரக்கணக்கில் படுக்கை. அந்தப் படுக்கையில் அவருக்குத் துணை காமிக்ஸ், சினிமாப் பத்திரிகை, வெட்டி ஒட்டும் காகிதப் பொம்மைகள், கலரிங் புத்தகங்கள். அம்மா ஜூலியா, இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள மிகோவா என்ற கிராமத்திலிருந்து அமெரிக்கா வந்தவர். ஆங்கிலம் அவருக்கு ஒட்டாத பாஷை. தன் உச்சரிப்பிலேயே மகனுக்கு 'டிக் ட்ரேசி' படித்துக் காட்டுவாராம். ஒன்றும் புரியாவிட்டாலும் மகன் நன்றி சொல்லுவானாம். கலரிங் புத்தகத்தில் ஒரு பக்கம் முடித்தால் ஒரு ஹெர்ஷி சாக்லெட். இதையெல்லாம் வார்ஹோலே 1975-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றிக் கதை கட்டுவதில் அவர் மன்னர்தான். ஆனாலும் நோய் வந்தது கதை இல்லை.

இப்போது மறுபடியும் படத்துக்கு வாருங்கள்.

கலரிங் புத்தகம் என்றால் என்ன? கோடு வேறு யாரோ போட்டது. முகமும் கேப்பும் வேறு யாரோ முடிவு செய்தது. குழந்தைக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான்: கோட்டுக்குள் வண்ணம் அடிப்பது. அதுவும் கை உதறுகிற குழந்தைக்குக் கோட்டுக்குள் நிற்பதே பெரிய பாடு. சாய்வாக, அவசரமாக, ஒரே சீராக இல்லாமல்தான் கோடு விழும்.

பேச்சுக் குமிழியைப் பாருங்கள். வார்த்தைகள் பாதி மங்கியிருக்கின்றன. 'பஃப்' மட்டும் பளிச்சென்று இருக்கிறது. வேற்று உச்சரிப்பில் அம்மா படிக்கிற கதையில் குழந்தைக்கு எது போய்ச் சேரும்? வாக்கியம் போகாது. சத்தம் போகும்.

இது என் வாசிப்பு. வார்ஹோல் இப்படிச் சொன்னதாக எங்கேயும் இல்லை. காலக்கணக்கிலும் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அவருக்கு எட்டு வயதானபோது சூப்பர்மேனே பிறக்கவில்லை. ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் உருவாக்கிய சூப்பர்மேன் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தது 1938-இல். அப்போது வார்ஹோலுக்கு 9 வயது. ஆக, படுக்கையில் அவர் வண்ணம் அடித்தது சூப்பர்மேனுக்குத்தான் என்று நான் வாதாட வரவில்லை. என் வாதம் இன்னும் எளிமையானது. இந்தப் படத்தில் வார்ஹோல் செய்த வேலை கலரிங் புத்தகத்தில் ஒரு குழந்தை செய்யும் வேலையேதான். வேறு யாரோ போட்ட கோட்டுக்குள் தன் கையை வைத்துப் பார்ப்பது.

அப்படிப் பார்க்கும்போது சூப்பர்மேன் மாறிவிடுகிறார். எதுவும் செய்ய முடிகிற உடம்பு அவருடையது. அதை வண்ணமடிக்கிற கை, தன்னையே கட்டுப்படுத்த முடியாத கை. படத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஊதினால் காடே அணைகிற மூச்சு. அதன் மேல் நடுங்குகிற கிரேயான். சூப்பர்ஹீரோவை மறுபடி கற்பனை செய்கிறேன் என்று அவருக்குத் தாடி வைப்பார்கள், தொப்பை வைப்பார்கள், கையில் சிகரெட் கொடுப்பார்கள். வார்ஹோல் ஹீரோவைத் தொடவே இல்லை. ஹீரோவை ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கும் ஆளைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். நான் வாபஸ் வாங்கியது இந்தப் பாதியைத்தான். பெரிசு பண்ணினவர் மட்டும் இல்லை அவர்.

ஒரு கிட் பிளேம் போட்டுப் பார்ப்போம்

இனி மீதிப் பாதி.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு கோப்பின் மேல் அதை ஓட்டினால் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்று பக்கத்திலேயே பெயர் போட்டுக் காட்டும். பெயர்தான் 'பிளேம்'. யாரையும் குற்றம் சொல்ல இல்லை, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவோம். இந்தப் படத்துக்கு அப்படி ஒரு கிட் பிளேம் போட்டால் என்ன வரும்?

அடிவரி: ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர், 1938. நீல உடை, சிவப்புக் கேப், மார்பில் எழுத்து. இவர்கள் சூப்பர்மேன் உரிமையை விற்றது 130 டாலருக்கு. அந்த 130 டாலர் அடங்கிய காசோலை மட்டும் 2012-இல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. சூப்பர்மேன் உலகம் முழுக்கச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்க, இருவரும் பல வருஷம் கஷ்டப்பட்டார்கள். 1975-இல்தான், ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் என்றும், படைத்தவர்கள் என்று பெயர் போடுவது என்றும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. வார்ஹோல் படம் வரைந்த 1961-இல் சூப்பர்மேன் இதழ்களில் அவர்கள் பெயர் கிடையாது.

அடுத்த வரி: கர்ட் ஷாஃபன்பெர்கர், 1961. வார்ஹோல் எடுத்த அந்தக் கட்டத்தை வரைந்தவர். மூச்சை ஊதும் உடம்பின் வளைவு, காற்று திரளும் விதம், எழுத்து எங்கே நிற்கவேண்டும் என்ற கணக்கு, எல்லாம் இவருடையது. 1920-இல் ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். இவர் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலில் ஃபாசெட் நிறுவனத்தில் 'கேப்டன் மார்வெல்' குடும்பக் கதைகளை வரைந்துகொண்டிருந்தார். அந்தக் கேப்டன் மார்வெல், சூப்பர்மேனைப் பார்த்துக் காப்பியடித்தது என்று சூப்பர்மேன் தரப்பு 1941-இல் வழக்குப் போட்டது. வழக்கு இழுத்து இழுத்து 1953-இல் சமரசமாகி, ஃபாசெட் சூப்பர்ஹீரோ காமிக்ஸையே மூடியது. வேலை போன ஷாஃபன்பெர்கர் பிற்பாடு சூப்பர்மேன் தரப்புக்கே போய் லோயிஸ் லேன் வரைந்தார். 'காப்பி' என்று சொல்லப்பட்ட ஹீரோவை வரைந்த கை, 'அசல்' ஹீரோவை வரைந்தது. அதை வார்ஹோல் காப்பியடித்தார்.

மூன்றாவது, நான்காவது வரி: அந்தக் குமிழிக்குள் எழுத்துப் போட்டவர், அச்சுக்கு வண்ணம் பிரித்துக் கொடுத்தவர். அன்றைய இதழ்கள் இவர்களுக்குப் பெயர் போடவே இல்லை.

ஐந்தாவது வரி: ஆண்டி வார்ஹோல். தேர்வு, அளவு, மங்கிய வார்த்தை, கிரேயான்.

இந்த ஐந்தில் ஐந்தாவது பெயர் மட்டும்தான் படத்தின் பக்கத்தில் இருக்கும்.

நான் சின்ன வயசில் படித்த காமிக்ஸ் இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. முத்து காமிக்ஸில் 'இரும்புக்கை மாயாவி' படித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மாயாவி மறைந்து கை மட்டும் காற்றில் தனியாக மிதந்து வரும். அந்தக் கையை வரைந்த கை ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோவுடையது என்பது இணையம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூலக் கதையை வெளியிட்ட பிரிட்டிஷ் இதழ்களே ஓவியர் பெயர் போடுவதில்லை. அப்புறம் நமக்கு எப்படித் தெரியும்? பெயர் தெரிந்த அன்று எனக்கு என்னமோ ரொம்ப நாளாகக் கொடுக்க வேண்டிய கடன் ஒன்று இருந்தது தெரிய வந்த மாதிரி இருந்தது.

வார்ஹோல் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு வேர் இங்கே இருந்தது. அது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. பாப் பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக்காரர் 1981-இல் எடுத்த படத்தை வைத்து வார்ஹோல் வரிசையாகப் பிரதிகள் செய்தார். பிரின்ஸ் இறந்த 2016-இல் அதில் ஒன்று பத்திரிகை அட்டையில் வந்தது. கோல்ட்ஸ்மித்துக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் 7-க்கு 2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்பானது. அந்த ஓவியம் நல்ல கலையா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பத்திரிகைக்கு உரிமம் கொடுத்து விற்ற அந்தப் பயன்பாட்டை மட்டும்தான் பார்த்தது. எனக்கு அது சரியான பிரிப்பாகத் தோன்றுகிறது. கலை என்பதால் கணக்குத் தீர்ந்துவிடாது. கணக்குத் தீரவில்லை என்பதால் கலை இல்லாமலும் போகாது.

வைரத்தூள் சூப்பர்மேன்

இருபது வருஷம் கழித்து, 1981-இல், வார்ஹோல் மறுபடியும் சூப்பர்மேனிடம் வந்தார். 'மித்ஸ்', அதாவது தொன்மங்கள், என்ற வரிசையில் 10 அச்சுப் பிரதிகள். மிக்கி மவுஸ், சாண்டா கிளாஸ், டிராகுலா இவர்களோடு சூப்பர்மேனும் ஒருவர். திரை அச்சு. மேலே பளபளக்கும் வைரத்தூள். இதில் சூப்பர்மேன் கையை முன்னால் நீட்டிப் பறக்கிறார். அழகாக இருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த சூப்பர்மேன். உருவத்தைச் சுற்றி ஓடும் கோடுகூட அலங்காரம்தான். நடுக்கம் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1981 படத்தில் இருப்பது ஒரு லோகோ. நம்மிடம் எதையும் கேட்காது. நாம் அடையாளம் கண்டுகொண்டால் போதும். 1961 படத்தில் ஒருவர் அந்த லோகோவுக்குள் நுழையப் பார்த்து, பாதி நுழைந்து, பாதி வெளியே நிற்கிறார். வார்ஹோலின் பிற்காலத்தை ரசிப்பவர்கள் முதல் படத்தைப் 'பயிற்சிக் காலம்' என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. சுத்தம் செய்தபோது கிரேயானோடு சேர்த்து அந்த ஆளையும் அவர் துடைத்துவிட்டார். அந்த நண்பர் சொன்ன தீர்ப்பு வார்ஹோலுக்கு உலகப் புகழ் வாங்கிக்கொடுத்தது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு படத்தின் விஷயத்தில் அது தப்பான தீர்ப்பு.

என் கோப்பில் ஒரு பெயர்

கடைசியாக என் கோபத்தின் கணக்கையும் ஒப்பித்துவிடுகிறேன்.

பல வருஷம் முன்னால் வேலை பார்த்த ஓர் இடத்தில், தேதிக் கணக்கு போடும் ஒரு சின்ன நிரல் தொகுப்பை மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். இன்னொரு குழு அதை எடுத்துக்கொண்டது. கோப்பின் தலையில் இருந்த என் பெயரை அழித்துவிட்டு, அதை வைத்துச் செய்த வேலைக்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டார்கள். சின்ன விஷயம்தான். ஆனா இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஷாஃபன்பெர்கர் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தக் கோப்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்த பிறகு, பழைய வன்தட்டில் அந்த நிரலைத் தேடி எடுத்தேன். நானும் கிட் பிளேம் போட்டுப் பார்க்கலாமே என்றுதான். எந்தத் தேதிக்கு என்ன கிழமை என்று கண்டுபிடிக்கும் பகுதி, அதுதான் அதில் மூளை. நான் ரொம்பப் பெருமைப்பட்ட பகுதியும் அதுதான். அது ஸெல்லர் சூத்திரம். கிறிஸ்டியன் ஸெல்லர் என்ற ஜெர்மன் பாதிரியார் 1880-களில் வெளியிட்டது. கல்லூரிப் பாடப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்திருக்கிறேன். கோப்பின் தலையில் என் பெயர் இருக்கிறது. ஸெல்லர் பெயர் எங்கேயும் இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். யாரும் இனி ஓட்டப்போவது இல்லாத நிரல்தான். இருந்தாலும் சேர்த்தேன்.

வார்ஹோலிடம் எனக்கு மிச்சம் இருக்கும் வழக்கும் இவ்வளவுதான். அவர் படத்தை இறக்கச் சொல்லவில்லை. அந்தக் கிரேயான் கோடுகள் அவருடையவை, அவற்றை வேறு யாராலும் போட்டிருக்க முடியாது. இனி எந்தச் சுவரில் அதை மாட்டினாலும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைப்பார்கள் அல்லவா, அதில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கும். 'கர்ட் ஷாஃபன்பெர்கர் வரைந்த கட்டத்திலிருந்து. சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர்.' அதைப் போட்டால் படத்தின் மதிப்பு ஒரு பைசா குறையாது. கலரிங் புத்தகத்தில் கோடு யார் போட்டது என்று தெரிந்தால்தானே, குழந்தை எங்கே கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதும் தெரியும்.